ஸ்கிரீன்ஷாட்டில் தெரிவது வகுப்பு இல்லை

மழை விடுமுறை நாளில் ஆன்லைன் வகுப்பு நடத்தச் சொல்லி எங்கள் கல்லூரி ஆசிரியர்களுக்கு வந்த சுற்றறிக்கை பற்றித்தான். ஐந்து மணி நேரமும் கால அட்டவணைப்படி கூகுள் மீட், ஒவ்வொரு மணிக்கும் ஸ்கிரீன்ஷாட், கடைசியில் "சாக்குப்போக்கு கூடாது". அந்த ஒரு வார்த்தை ராத்திரி தூங்கவிடவில்லை.

வகுப்பறையை அப்படியே தூக்கிக் கேமரா முன்னால் வைத்தால் அது ஆன்லைன் வகுப்பு ஆகாது. 2020-லிருந்து இதையேதான் சொல்கிறேன்.

நான் கணிதம் எடுப்பவள். கரும்பலகையில் எப்சிலான்-டெல்டா நிரூபணம் (இந்த இரண்டு சிறிய அளவுகளை வைத்து ஒரு சார்பின் தொடர்ச்சியை நிறுவுவது) போடும்போது மூன்றாவது வரியில் சாக்பீஸை நிறுத்தித் திரும்பிப் பார்ப்பேன். யார் பேனா நின்றுவிட்டது என்று தெரிந்துவிடும். பாடம் அங்கேதான் தொடங்குகிறது. ஸ்லைடில் ஏழு வரியும் ஒன்றாக வந்து நிற்கும். எதிரே முகமே இல்லை, பெயர்கள்தான்.

ஊரடங்கில் முதல் இரண்டு மாதம் நானும் எவர்சில்வர் டப்பாவில் போனைச் சாய்த்து வைத்து, மணிக்கணக்கில் பேசினேன். ஒரு மாணவி வீட்டில் அண்ணனுக்கும் அவளுக்கும் ஒரே போன். இரவு எட்டுக்கு மேல்தான் அவள் கைக்கு வரும் என்று பிறகு தெரிந்தது. அப்புறம்தான் மாற்றினேன். பத்து நிமிட ஒலிப்பதிவு, கையால் எழுதிய ஒரு பக்கம், இரண்டு கணக்கு. நேரலை வாரம் ஒருமுறை, சந்தேகங்களுக்கு மட்டும். மூன்று செமஸ்டர் வாயே திறக்காத அந்தப் பெண் இரவு பத்தரைக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள்: "மேம், எப்சிலானைச் சொன்ன அப்புறம்தான் டெல்டாவை எடுக்கணுமா? ஏன்?" என் வகுப்பறையில் அதுவரை யாரும் கேட்காத கேள்வி.

"2021-ல் தமிழக அரசே தினம் 2 ஜிபி டேட்டா இலவசமாகக் கொடுத்ததே?" என்பார்கள். கொடுத்தது, ஜனவரி முதல் ஏப்ரல் வரை, 9 லட்சத்துக்கும் அதிகமான மாணவர்களுக்கு. நல்ல காரியம். ஆனால் டேட்டா பாடம் நடத்தாது. "மத்திய அரசின் இணையப் படிப்புகளுக்கான சுயம் தளம் இருக்கிறதே?" சரி, அதையே பாருங்கள். காணொலி, வாசிப்புப் பாடம், சுயமதிப்பீடு, கலந்துரையாடல் என்று நான்காகப் பிரித்துத்தான் அமைத்திருக்கிறார்கள்.

ஸ்லைடைப் படித்துவிட்டுப் போன ஆசிரியர்களும் இருந்தார்கள். தெரியும். அதற்காக எல்லோரையுமா? எங்கள் துறையின் கௌரவ விரிவுரையாளர் தன் சொற்பச் சம்பளத்தில் ட்ரைபாட் வாங்கினார். திரையில் எப்படிக் கற்பிக்கிறீர்கள் என்று எங்களை யாரும் ஒருநாள்கூட உட்காரவைத்துக் கேட்டதில்லை. இப்போது சாக்குப்போக்கு என்கிறார்கள். வலிக்கிறது.

நாளைக்கும் மழை என்கிறார்கள். சார்புகளின் தொடர்ச்சி பற்றிய ஒலிப்பதிவை இப்போதுதான் முடித்தேன், பதினோரு நிமிடம். அதைத்தான் அனுப்பப்போகிறேன்.