வெண்டலின் கிரிமும் 20 பவுண்டு குதிரை மசால் விதையும்

எங்கள் கொங்குப் பக்கம் மாடு வைத்திருப்பவர்களுக்குக் குதிரை மசாலைத் தெரியும். ஒருமுறை விதைத்தால் போதும், அறுக்க அறுக்கத் துளிர்க்கும். கறவை மாடு அதை ஆசையாகத் தின்னும். இன்று அமெரிக்காவின் குளிர் மாநிலங்களில் ஏக்கர் கணக்கில் அல்ஃபால்ஃபா என்று வளர்வதும் இதே செடிதான். அது அங்கே வேரூன்றியதற்கு முக்கியக் காரணம் ஒரு ஜெர்மன் குடும்பம். அந்தக் கதையைப் படித்ததிலிருந்து மனசு அதையே சுற்றி வருகிறது.

வெண்டலின் கிரிம் 1818இல், இன்று ஜெர்மனியில் சேர்ந்திருக்கும் பேடன் நாட்டின் கூல்ஸ்ஹைம் என்ற ஊரில் பிறந்தவர். 1857இல் மனைவி ஜூலியானா, பிள்ளைகளோடு கப்பலேறி மின்னசோட்டாவின் கார்வர் கவுண்டிக்குப் போய்ச் சேர்ந்தார். மின்னசோட்டா அப்போது ஒரு மாநிலமாகக்கூட ஆகவில்லை. அந்த மண் யாருடையது என்பதையும் சொல்லியாக வேண்டும். அது டகோட்டா என்ற பூர்வகுடி மக்களின் நிலம். 1851 ஒப்பந்தங்களில் அவர்கள் கையைவிட்டுப் போனது. 1862இல் போர் மூண்டது, அடுத்த ஆண்டே அவர்களை அந்த மாநிலத்தைவிட்டே விரட்டினார்கள். கிரிமின் உழைப்பைப் பாராட்டுகிற யாரும் இதைத் தாண்டிப் போகக் கூடாது.

ஊரிலிருந்து கொண்டுபோன சாமான்களில் 20 பவுண்டுக்குள் குதிரை மசால் விதையும் இருந்தது. நம் கணக்கில் 9 கிலோ வரும். அவர்கள் பேச்சில் அதற்கு 'எவிகர் கிளே' என்று பெயர். சாகாத தழை என்று வைத்துக்கொள்ளலாம். 1858இல் விதைத்தார். மின்னசோட்டாக் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரி வரை போகும். போதாததற்கு, மண் உறைவதும் இளகுவதுமாக மாறி மாறிச் செடியை வேரோடு மேலே தள்ளிவிடும். சாகாத தழையில் பெரும்பகுதி செத்துப்போனது.

கிரிம் பிழைத்த செடிகளைப் பார்த்தார். அவற்றை அறுக்காமல் விதைக்கு விட்டார். அந்த விதையையே மறுபடி விதைத்தார். அந்தக் குளிரில் இன்னும் சில செத்தன, இன்னும் சில நின்றன. இப்படி 15 ஆண்டுகளுக்கும் மேலாக.

இதை எழுதுவது சுலபம். செய்தவர்களுக்கு என்ன விலை என்று யோசித்துப் பாருங்கள். விதைக்கு விட்ட செடியைத் தீவனத்துக்கு அறுக்க முடியாது. ஒரு அறுப்பை இழந்தால்தான் விதை கிடைக்கும். குதிரை மசால் காயைக் கையில் வைத்துப் பார்த்தால் நத்தை ஓடு மாதிரி சுருண்டிருக்கும். உள்ளே கடுகளவுகூட இல்லாத சில விதைகள், அவ்வளவுதான். ஒரு பவுண்டு சேர இரண்டு லட்சம் விதைகளுக்கு மேல் வேண்டும். ஒரு ஆள் தனியாகச் செய்கிற வேலையா இது? ஜூலியானாவின் கையும் பிள்ளைகளின் கையும் இல்லாமல் நடந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

எங்கள் அப்பத்தா நல்ல சோளக் கதிராகப் பார்த்து எடுத்து, அடுப்புப் புகை படுகிற இடத்தில் கட்டித் தொங்கவிடும். எவ்வளவு கஷ்டம் வந்தாலும் அந்தக் கதிரில் கை வைக்க விடாது. "அது அடுத்த வருசத்துச் சோறு, தொடாதே" என்று சொல்லும். கிரிம் வீட்டிலும் யாரோ இப்படிச் சொல்லியிருப்பார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அக்கம்பக்கத்தில் மக்காச்சோளம் கிடைக்காத ஒரு வருடம். கிரிம் மட்டும் கொழுத்த மாடுகளை ஓட்டிக்கொண்டு போகிறார். சோளம் எங்கே கிடைத்தது என்று கேட்ட பக்கத்துக்காரரிடம், ஒரு மணிகூடப் போடவில்லை, எல்லாம் அந்தச் சாகாத தழைதான் என்றாராம்.

1890இல் அவர் இறந்தார். தான் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. அப்புறம் ஆர்தர் லைமன் என்ற உள்ளூர்க்காரர் அந்த விதையின் அருமையைக் கவனித்து, 1900 வாக்கில் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தின் வில்லெட் ஹேஸிடம் கொண்டுபோனார். அதன் பிறகுதான் 'கிரிம் அல்ஃபால்ஃபா' வடக்கு மாநிலங்களிலும் கனடாவிலும் பரவியது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பலர் அவரை 'விடாப்பிடியான விவசாயி' என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. பேடனிலிருந்து வந்த விதையில் ஊதாப் பூக் குதிரை மசாலோடு, குளிர் தாங்கும் மஞ்சள் பூ இனத்தின் ரத்தமும் கலந்திருந்தது. குளிர் சலித்துக் கொடுத்ததை ஆண்டுதோறும் அடையாளம் கண்டு, தனியே எடுத்து, மறுபடி விதைத்ததற்குப் பெயர் பயிர்த் தெரிவு. வெள்ளைக் கோட்டுப் போட்டவர் செய்தால் ஆராய்ச்சி, சேற்றுக் காலோடு செய்தால் பிடிவாதமா? லைமனும் ஹேஸும் செய்தது பெரிய உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் கைக்கு வந்தபோது ரகம் தயாராக இருந்தது.

பின்னாளில் பாக்டீரியா வாடல் நோயைக் கிரிம் ரகத்தால் தாங்க முடியவில்லை. 1940களிலிருந்து அதை எதிர்க்கும் புது ரகங்கள் வந்து இடத்தைப் பிடித்தன. அந்தக் குடும்பத்தின் வீடு மட்டும் கார்வர் பூங்காவுக்குள் இன்னும் நிற்கிறது. 1924இல் அந்தப் பண்ணையில் அவருக்கு ஒரு நினைவுக்கல்லும் வைத்தார்கள். இறந்து 34 வருடம் கழித்து.