எட்டு ஊர்களில் எதற்கும் சொந்தமில்லாத ஒரு பெயர்

பெல்ஜியத்தின் மேற்கு ஃபிளாண்டர்ஸில், பிரான்ஸ் எல்லையை ஒட்டி ஹூவல்லாண்ட் என்று ஓர் உள்ளாட்சி இருக்கிறது. அந்தப் பெயரில் அங்கே ஊர் எதுவும் கிடையாது. கெம்மல், லோக்கர், திரானாவ்டர், வெஸ்ட்டாவ்டர், நீவ்கெர்க்கே, வெய்ட்ஸ்காட்டே, வுல்வர்கெம், தெ கிளைட்டே என எட்டு ஊர்களைச் சேர்த்து 1977 ஜனவரி 1 அன்று உருவாக்கினார்கள். அன்று பெல்ஜியம் முழுக்க 2,359 உள்ளாட்சிகள் 596 ஆகச் சுருங்கின.

பெயருக்குக் 'குன்று நாடு' என்று பொருள். அந்த இணைப்பில் நடந்த மிக நல்ல காரியம் இந்தப் பெயர்தான் என்பேன். பெரிய ஊர் ஒன்றின் பெயரை மற்ற ஊர்களின் தலையில் கட்டாமல், எல்லோருக்கும் பொதுவாக நிற்கும் குன்றுகளிடம் போய் வாங்கினார்கள். 156 மீட்டர் கெம்மல்பெர்க்தான் அவற்றில் உயரமானது.

தபால் எண்ணைப் பாருங்கள். நீவ்கெர்க்கே 8950, திரானாவ்டர் 8951, வுல்வர்கெம் 8952, வெய்ட்ஸ்காட்டே 8953, வெஸ்ட்டாவ்டர் 8954, கெம்மல் 8956, லோக்கர் 8958. உள்ளாட்சி ஒன்றானாலும் கடித உறையில் இந்த ஏழு ஊர்களும் தனித்தனியாக நிற்கின்றன. நடுவில் விடுபட்டவற்றில் 8957, பக்கத்து மேசனுடையது. சுமார் ஆயிரம் பேரே வாழும் அந்தக் குட்டி நகரம் இணைப்பில் சேராமல் இன்றும் தனி உள்ளாட்சிதான்.

இது சின்ன விஷயம் இல்லை. முதல் உலகப் போர் இந்த ஊர்களில் பெரும்பாலானவற்றைத் தரைமட்டமாக்கியது. 1917 ஜூன் 7 அதிகாலையில் பூமிக்கடியில் 19 வெடிகள் வெடித்தன. அவற்றில் ஒன்று பறித்த பள்ளம் வெய்ட்ஸ்காட்டே பக்கம் குளமாகவே கிடக்கிறது. அப்புறம் மக்கள் திரும்பி வந்து, அதே இடத்தில், அதே பெயரில் ஊர்களை எழுப்பினார்கள். அப்படி மீட்ட பெயரை நிர்வாக வசதிக்காக அழித்திருந்தால் என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியாது.

இழப்பே இல்லை என்று சொல்லவில்லை. தனி மேயரும் மன்றமும் போயின. உள்ளாட்சி அலுவலகம் கெம்மலில் இருக்கிறது. கார் ஓட்டாத முதியவருக்கு அது தூரம்தான்.

பெல்ஜியத்தின் வடபகுதியான ஃபிளாண்டர்ஸின் அரசு, இணையும் உள்ளாட்சிகளின் கடனில் ஒரு பகுதியை ஏற்பதாகச் சொல்லி இப்போது மறுபடியும் இணைப்பை ஊக்குவிக்கிறது. 2025 தொடக்கத்தில் அந்தப் பகுதியின் 300 உள்ளாட்சிகள் 285 ஆகின. செலவு குறையட்டும், சரி. கணக்குப் புத்தகங்களைச் சேருங்கள், குப்பை வண்டிகளைச் சேருங்கள். ஆனால் நாளைக்கு ஹூவல்லாண்டையே இன்னொன்றோடு சேர்த்தாலும், வுல்வர்கெம் என்ற பெயர்ப்பலகையும் 8952 என்ற எண்ணும் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும்.