கார்தூஸ் சாப் மலை ஏறிய கதை

1971 போர் வெற்றி நாளான டிசம்பர் 16 நெருங்கினால் போதும், எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அந்தக் கதை வந்துவிடும். கண்ணிவெடியில் சிக்கிய ராணுவ அதிகாரி தன் காலைத் தானே வெட்டி எறிந்தார். கீழே நான்கு தேசியக் கொடி, ஆறு கைகூப்பு. இந்த முறை கூடவே ஒரு படமும் இருந்தது. கையில் ராஜா காலத்து வாள்! அவர் வெட்டியது கூர்க்காக்களின் குக்ரியால். அது முன்பக்கம் வளைந்த கத்தி. கூர் உள்விளிம்பில் இருக்கும். இதில் வாட்ஸ்அப் மாமாக்களை மட்டும் குறை சொல்ல முடியாது. இவரைப் பற்றி இந்தியில் அறிவிக்கப்பட்ட திரைப்படத்தின் போஸ்டரிலேயே குக்ரி தப்பாக இருந்து, ஓய்வுபெற்ற கூர்க்கா அதிகாரி ஒருவர் திருத்த வேண்டியதாயிற்று.

மேஜர் ஜெனரல் இயன் கார்டோசோ. 1937-இல் பம்பாயில் பிறந்தவர். தேசியப் பாதுகாப்பு அகாடமியில் தங்கப் பதக்கம், வெள்ளிப் பதக்கம் இரண்டையும் சேர்த்து வாங்கிய முதல் மாணவர். ஐந்தாம் கூர்க்கா ரைபிள்ஸில் சேர்ந்தார். கூர்க்கா வீரர்களுக்குக் கார்டோசோ என்ற பெயர் வாயில் நுழையவில்லை. 'கார்தூஸ் சாப்' ஆக்கிவிட்டார்கள். கார்தூஸ் என்றால் தோட்டா.

1971-இல் பாகிஸ்தானோடு போர் மூண்டபோது அவர் இருந்தது நம் நீலகிரியில். மலை ரயிலில் குன்னூர் தாண்டியதும் வருமே வெலிங்டன், அங்குள்ள முப்படை அதிகாரிகள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். கிழக்கு வங்கத்தில், அதாவது இன்றைய வங்கதேசத்தில், அவருடைய பட்டாலியனின் துணைத் தளபதி சண்டையில் இறந்துவிட, அந்த இடத்துக்கு வரச்சொல்லி உத்தரவு. போய்ச் சேர்ந்த சில நாட்களில், டிசம்பர் 7 அன்று, ஹெலிகாப்டர்களில் அவர்களைச் சில்ஹெட்டில் இறக்கினார்கள். இந்திய ராணுவம் ஹெலிகாப்டரில் படையிறக்கி நடத்திய முதல் தாக்குதல் அது. பட்டாலியனில் மிஞ்சியிருந்தவர்கள் நானூறு பேர்கூட இல்லை. பிபிசி வானொலியோ, கூர்க்கா 'பிரிகேட்' ஒன்று இறங்கியிருப்பதாகச் சொல்லிவிட்டது. பிரிகேட் என்றால் ஆயிரக்கணக்கில் ஆட்கள். எதிரியும் அந்தச் செய்தியைக் கேட்டிருப்பான் அல்லவா? சரி, பிரிகேடாகவே நடிப்போம் என்று பரவி நின்று, சோறு தண்ணீர் சரியாக இல்லாமல் தாக்குப்பிடித்தார்கள். வாட்ஸ்அப்பில் இது வருவதே இல்லை.

போர் ஏறக்குறைய முடிந்த நேரத்தில்தான் அவர் கண்ணிவெடியை மிதித்தார். உள்ளூர்க்காரர் ஒருவர் தூக்கிவந்து சேர்த்தார். மார்ஃபின் இல்லை, அறுவைக் கருவி இல்லை. தொங்கிக்கொண்டிருந்த காலை வெட்டச் சொன்னார், உதவியாளர் மறுத்துவிட்டார். குக்ரியை வாங்கித் தானே வெட்டி, கொண்டுபோய்ப் புதைக்கச் சொன்னார். ஃபார்வர்டு செய்பவர்களுக்குக் கதை இங்கே முடிந்துவிடுகிறது.

எனக்குக் கதை இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. அறுவை சிகிச்சை செய்ய ஆள் வேண்டும். கிடைத்தவர், பிடிபட்ட பாகிஸ்தான் ராணுவ மருத்துவர் மேஜர் முகமது பஷீர். கார்டோசோ முடியாது என்றார். மேலதிகாரி திட்டிய பிறகு இறங்கி வந்தார், அதுவும் பாகிஸ்தான் ரத்தம் ஏற்றக் கூடாது என்ற நிபந்தனையோடு. உயிர் ஊசலாடும்போது என்ன வீம்பு இது என்று எனக்கு எரிச்சலே வந்தது. பஷீர் ஒழுங்காக வேலையை முடித்தார். அவருக்கு ஒரு நன்றிகூடச் சொல்லாமல் வந்துவிட்டேனே என்று பல வருடங்கள் கழித்துக் கார்டோசோவே வருந்திச் சொல்லியிருக்கிறார். கால் போன கதையைப் பெருமையாகச் சொல்ல யாராலும் முடியும். இதையும் சேர்த்துச் சொல்கிறார் பாருங்கள், அதனால்தான் அவர் மீது எனக்கு மரியாதை.

அடுத்து நடந்தது காகிதப் போர். கால் இல்லாதவருக்குப் பட்டாலியனை நடத்தும் பொறுப்பைத் தருவதில்லை என்பது வழக்கம். மேசை வேலை தருவார்கள், மரியாதையாக நடத்துவார்கள், மேலே விடமாட்டார்கள்.

இந்த மரியாதையை நான் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். என் சித்தப்பா ஒரு நூற்பாலையில் ஃபிட்டர். விபத்தில் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. திரும்பிப் போனபோது 'லைட் டியூட்டி' என்று கேட்டருகே ஒரு நாற்காலியைப் போட்டு, உள்ளே வரும் லாரிகளின் நம்பரை எழுதச் சொன்னார்கள். உங்கள் நல்லதுக்குத்தான் என்றார்கள். ஒரு மிஷினின் சத்தத்தை வைத்தே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லக்கூடிய மனிதர், பதினொரு வருடம் லாரி நம்பர் எழுதினார்.

கார்டோசோ அந்த நாற்காலியில் உட்கார மறுத்தார். மரக்காலோடு ஓடிப் பழகி, உடற்தகுதித் தேர்வுக்குப் போய் நின்றார். மீறி ஓடினால் கைது செய்வேன் என்றார் தேர்வு நடத்தியவர். ஓடி முடித்த பிறகுதானே கைது செய்ய முடியும் என்று கேட்டுவிட்டு ஓடினார். இரண்டு காலும் உள்ள அதிகாரிகள் ஏழு பேர் அவருக்குப் பின்னால் வந்தார்கள். அதுவும் போதவில்லை, மலையிலும் நடந்து காட்ட வேண்டியிருந்தது. கடைசியில் அனுமதி தந்தவர் தலைமைத் தளபதி ஜெனரல் ரெய்னா. அவரே ஒரு கண்ணை இழந்தவர் என்பதைக் கவனியுங்கள். இப்படித்தான் கால் இழந்த பிறகும் முதலில் காலாட்படை பட்டாலியனுக்கும், பின்னர் பிரிகேடுக்கும் தலைமை ஏற்ற முதல் இந்திய அதிகாரி ஆனார் கார்டோசோ. பின்னாளில் மாற்றுத்திறனாளிகளுக்கான இந்திய மறுவாழ்வு மன்றத்தின் தலைவராகவும் இருந்தார்.

ஓய்வுக்குப் பிறகு எழுத உட்கார்ந்தவர், தன் கதையை முதலில் எழுதவில்லை. நாட்டின் மிக உயர்ந்த போர்க்கள வீர விருதான பரம்வீர் சக்கரம் பெற்றவர்களைப் பற்றி எழுதினார். அந்த வரிசையில் பம்பாயில் பிறந்த தமிழர் மேஜர் ராமசாமி பரமேஸ்வரனும் உண்டு, 1987 நவம்பரில் யாழ்ப்பாணத்தில் இறந்தவர். இந்திய அமைதிப்படை அங்கே போனதே தவறு என்பது என் கருத்து. இருந்தாலும் அவர் பெயரைக் கடக்கும்போது மனம் கனத்துத்தான் போகிறது.

பிறகு ஐஎன்எஸ் குக்ரி கப்பலைப் பற்றிய புத்தகம். 1971 டிசம்பர் 9 இரவு, டையூவுக்கு அப்பால், பாகிஸ்தான் நீர்மூழ்கியின் டார்பீடோ தாக்கி மூழ்கிய கப்பல். 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் இறந்தார்கள். கேப்டன் முல்லா கப்பலை விட்டு இறங்காமல் அதனோடே மூழ்கினார். காலாட்படைக்காரர் ஒருவர், உயிர் பிழைத்த மாலுமிகள் சொன்னதைக் கேட்டு அந்த இரவை எழுதியிருக்கிறார். அவர் காலை வெட்டிய கத்திக்கும் அந்தக் கப்பலுக்கும் ஒரே பெயர். சினிமாக்காரர் கையில் கிடைத்திருந்தால் இதை வைத்தே ஓர் இடைவேளை விட்டிருப்பார். தன் வரலாற்றை அவர் எழுதி வெளியிட்டபோது வயது எண்பதைத் தாண்டிவிட்டது.

போன வாரம் இந்தக் கதை முழுவதையும் சித்தப்பாவிடம் சொன்னேன். கட்டிலில் உட்கார்ந்து, செயற்கைக் காலைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு, காலின் நுனியில் பவுடர் தட்டிக்கொண்டிருந்தார். குக்ரி வந்த இடத்தில் 'ம்' என்றார், அவ்வளவுதான். மலை ஏறிய இடம் வந்ததும் பவுடர் டப்பாவைக் கீழே வைத்தார்.

"ஏறினார், சரி. எப்படி இறங்கினார்? இறங்கும்போதுதானடா உயிர் போகும்."