ஜிகினாவுக்கு என் ஓட்டு

நல்ல சினிமா பார்க்கிற ஆள் என்று எனக்கு நாலு பேரிடம் பேர் இருக்கிறது. அந்தப் பேர் இன்றோடு கெட்டாலும் பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன். ராத்திரி வீடு அடங்கியதும் யூடியூபில் நான் தேடிப் பார்ப்பது, நூறு பேர் ஒரே நிறப் பாவாடையில் சுழலும் இந்திப் பாட்டுகளைத்தான். ஜன்னல் அளவு ஜிமிக்கி, கூரை முழுக்கச் சரவிளக்கு, எதற்கென்றே தெரியாமல் நாலு புறா. எல்லாம் வேண்டும்.

இயக்குநர் சஞ்சய் லீலா பன்சாலியின் 'தேவதாஸ்' (2002) படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சரத்சந்திரர் 1917இல் வெளியிட்ட நாவலில் தேவதாஸின் காதலி பார்வதியும் தாசி சந்திரமுகியும் சந்தித்துக்கொள்வதே கிடையாது. பிமல் ராய் 1955இல் எடுத்தபோது, சுசித்ரா சென்னும் நம்ம வைஜயந்திமாலாவும் வழியில் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு, பேசாமல் கடந்து போவார்கள். அவ்வளவுதான். (சந்திரமுகியும் நாயகிதான், எனக்கெதற்குத் துணை நடிகை விருது என்று ஃபிலிம்ஃபேரை வாங்க மறுத்தவர் வைஜயந்தி. அந்த கெத்து!) பன்சாலியோ இருவரையும் துர்கா பூஜை வீட்டில் சேர்த்து, சிவப்புக் கரைப் புடவை கட்டி, 'டோலா ரே' என்று ஆடவிட்டுவிட்டார். இலக்கியம் படித்தவனுக்கு வயிறு எரிய வேண்டிய இடம். எனக்கு எரியவில்லை. சந்திரமுகியாக வரும் மாதுரி தீட்சித் கண்ணைத் தூக்கும்போது நாவலாவது ஒன்றாவது!

இதில் ஆடம்பரத்தை மட்டும் பார்த்துச் சிரிப்பவர்கள் நடன இயக்குநர் சரோஜ் கானைக் கவனிப்பதில்லை. அவர் அமைத்த நடனத்தில் இடுப்பைவிடப் புருவத்துக்கு வேலை அதிகம். 'தேஸாப்' (1988) படத்தில் அவர் ஆடவைத்த 'ஏக் தோ தீன்' ஊரையே கலக்கியபிறகுதான் ஃபிலிம்ஃபேர் நடன இயக்கத்துக்கென்று தனி விருதே வைத்தது. 'டோலா ரே'வுக்குத் தேசிய விருது கிடைத்தது. பிறகு தமிழில் 'சிருங்காரம்' படத்துக்கும்.

அவருடைய குரு சோஹன்லால். 'ஜூவல் தீஃப்' (1967) படத்தில் வைஜயந்திமாலா ஆடும் 'ஹோட்டோன் மே ஐசி பாத்' அவர் கைவண்ணம். தேவ் ஆனந்த் மேளம் அடிக்க, வைஜயந்தி சுழன்று சுழன்று ஓட, விஜய் ஆனந்தின் கேமரா அதிகம் வெட்டாமல் மூச்சு வாங்கக் கூடவே ஓடுகிறது. தப்பினால் மறைக்க இடமே இல்லை. சின்ன வயதிலிருந்து பரதம் ஆடிய கால், அதனால் தப்பவும் இல்லை. 'சைய்யா சைய்யா'வும் (1998) அப்படித்தான். நம்ம ஊட்டி ரயில் நிஜமாகவே ஓடுகிறது, மேலே நிஜமாகவே ஆடுகிறார்கள்.

இப்போது வருகிற பாட்டுகளில் எனக்கு இதுதான் குறை. செலவு கூடியிருக்கிறது, ஆட்டம் குறைந்திருக்கிறது. ஒரு நொடி கை, அடுத்த நொடி முழங்கால், அடுத்து டிரோனில் கோட்டை. கொத்து பரோட்டா போட்ட மாதிரி. ஒரு அடவு முழுதாக முடிவதைப் பார்க்க முடிகிறதா? ஜிகினாவைத் திட்டாதீர்கள், எடிட்டரைத் திட்டுங்கள்.

வெட்கப்பட வேண்டிய விஷயம் ஒன்று உண்டுதான். குடித்த கும்பல் நடுவே ஒரு பெண்ணை நிறுத்தி, துண்டு துண்டாகக் காட்டும் ஐட்டம் பாட்டுகள். 'தபங் 2' படத்தில் கரீனா தன்னையே தந்தூரிக் கோழி என்று சொல்லிக்கொள்வார். அதற்கு எந்த சப்பைக்கட்டும் என்னிடம் இல்லை, பாதியிலேயே நிறுத்திவிடுவேன். தாளம் அட்டகாசமாக இருப்பதால், சில நாள் முக்கால்வாசி ஓடியபிறகு.