அப்பாவை மன்னித்துவிடு என்று சொல்வதற்கு முன்

"என்ன இருந்தாலும் அப்பா இல்லையா?" சின்ன வயதிலிருந்து இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. அடி வாங்கிக் கன்னம் சிவந்திருந்த நாட்களிலும் இதைத்தான் சொன்னார்கள். பிறகு நான் வீட்டுப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டபோதும் இதைத்தான் சொன்னார்கள். அவருக்கு வயதாகித் தளர்ந்ததும் இன்னும் அதிகமாகச் சொன்னார்கள். சொன்னவர்கள் எங்கள்மேல் அக்கறை உள்ளவர்கள்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த ஒரு வரி, நடந்ததைப் பேசவிடாமல் வாயை அடைத்துவிடுகிறது. நடந்ததையே சொல்லக்கூடாது என்றால் பிறகு எதை மன்னிப்பது?

நான் என் அப்பாவை மன்னித்துவிட்டேன். அதனால்தான் இதை எழுத முடிகிறது.

வெளியே அவரைப் போல ஒரு மனிதரைப் பார்க்க முடியாது. யாருக்கு உடம்புக்கு முடியவில்லை என்றாலும் முதல் ஆளாகப் போய் நிற்பார். வீட்டுக்குள் வந்தால் வேறு ஆள். அவர் சாவியை மேசையில் வைக்கிற சத்தத்திலேயே அன்றைய ராத்திரி எப்படிப் போகும் என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். மெதுவாக வைத்தால் மூச்சு விடலாம். வீசினால் அண்ணன் புத்தகத்தை விரித்துக்கொள்வான், நான் அம்மாவை ஒட்டிப் போய் நின்றுகொள்வேன். குடி கிடையாது, சூதாட்டம் கிடையாது, கோபம் மட்டும்தான். ஒரு வீடே பயந்து நடுங்கி வாழ அது ஒன்றே போதும்.

அதே மனிதர்தான் எனக்குக் காய்ச்சல் வந்தால் விடிய விடியக் கண் விழித்து நெற்றியில் ஈரத்துணி மாற்றிக்கொண்டே இருப்பார். முழுக்கக் கெட்டவராக இருந்திருந்தால் வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். அடித்த கையும் ஈரத்துணி வைத்த கையும் ஒன்று என்பதுதான் ஆளைப் போட்டு வதைக்கிறது. இப்படிப்பட்ட அப்பாவோடு வளர்ந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

அவரைப் புரிந்துகொள்ளத் தொடங்கியது, என் மகள் ஒருநாள் டம்ளரைத் தட்டிவிட்டபோது. தண்ணீர் மேசை முழுக்க ஓடியது. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்பா மட்டும் பதறி எழுந்தார். கைக்குட்டையை எடுத்து அவசர அவசரமாகத் துடைத்தார். "யாரும் பாக்கறதுக்குள்ள தொடைச்சிடணும் கண்ணு" என்று அவளிடம் கிசுகிசுத்தார். அந்த வீட்டில் வயதில் மூத்தவர் அவர்தான். அவரை அதட்டுவதற்கு உயிரோடு ஒருவர்கூட இல்லை. ஆனாலும் அவர் கண் வாசல் பக்கம் போய்ப் போய் வந்தது.

பிறகு அத்தையிடம் கேட்டேன். "உங்க தாத்தா வர்ற நேரமாச்சுன்னா உங்கப்பா கட்டிலுக்கடியில போய் ஒளிஞ்சுக்குவான்" என்றார். நாங்கள் போட்டோவில் மட்டுமே பார்த்திருக்கிற தாத்தா. எங்கள் வீட்டில் இருந்த பயம் எங்கள் அப்பாவோடு தொடங்கியது இல்லை என்று அன்றுதான் தெரிந்தது.

இது ஏதோ எங்கள் குடும்பத்துக் கதை மட்டும் இல்லை. அமெரிக்காவின் சான் டியாகோவில் 1995 முதல் 1997 வரை 17,000-க்கும் அதிகமானவர்களிடம் அவர்களுடைய குழந்தைப் பருவத்தைப் பற்றிக் கேட்டார்கள். வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா என்ற இரு மருத்துவர்கள் நடத்திய ஆய்வு அது. அடி, வசவு, அம்மா அடிபடுவதைப் பார்த்து வளர்வது போன்றவற்றில் ஏதாவது ஒன்றையாவது அனுபவித்ததாக மூன்றில் இரண்டு பங்குப் பேர் சொன்னார்கள். இப்படிப்பட்ட அனுபவங்கள் கூடக்கூட, வளர்ந்த பிறகு மனச்சோர்வு, குடிப்பழக்கம், இதய நோய் எல்லாவற்றுக்குமான அபாயமும் கூடியிருந்தது. அப்பாவின் கோபத்துக்கு வேர் எங்கே என்று எனக்குக் காட்டிய ஆய்வு இது.

ஆனால் இதோடு நிறுத்திக்கொண்டு "பாவம், அவர் வளர்ந்த விதம் அப்படி" என்று கணக்கை முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. ஜோன் காஃப்மன், எட்வர்ட் ஸிக்லர் என்ற உளவியலாளர்கள் 1987-ல் அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் அலசிப் பார்த்தார்கள். சிறுவயதில் கொடுமைக்கு ஆளானவர்களில் சுமார் 30 சதவீதம் பேர்தான் தங்கள் பிள்ளைகளிடமும் அப்படி நடந்துகொள்கிறார்கள் என்பது அவர்களுடைய மதிப்பீடு. மீதிப் பேர் எப்படியோ அந்தக் கையைக் கட்டிப்போட்டுக்கொள்கிறார்கள். அத்தையும் அதே வீட்டில் வளர்ந்தவர்தான், தன் பிள்ளைகள்மேல் ஒருநாளும் கை வைத்ததில்லை. அப்பாவின் கோபம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அதற்காக அது எங்கள்மேல் இறங்கியது சரியாகிவிடாது. இரண்டையும் சேர்த்துத்தான் நான் சுமக்கிறேன், ஒன்றைக் கீழே போட்டால்தான் இன்னொன்று நிற்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மன்னிப்பைப் பல காலம் ஆராய்ந்தவர் ராபர்ட் என்ரைட். மன்னிப்பது என்றால் மறப்பதும் இல்லை, செய்ததை நியாயப்படுத்துவதும் இல்லை, மறுபடி சேர்ந்து வாழ்வதும் இல்லை என்று அவர் தெளிவாகப் பிரித்து வைக்கிறார். சுசேன் ஃப்ரீட்மனும் அவரும் 1996-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், சிறுவயதில் நெருங்கிய உறவினரின் பாலியல் கொடுமைக்கு ஆளான 12 பெண்களுக்கு வாரந்தோறும் துணையிருந்து மன்னிப்புக்கான வழியைக் காட்டினார்கள். அவர்களுடைய பதற்றமும் மனச்சோர்வும் குறைந்தன. ஆனால் அதற்குச் சராசரியாக ஓராண்டுக்கு மேல் ஆனது. தேர்ந்த ஒருவர் கூடவே இருந்தும் அவ்வளவு காலம்! நாம் என்னடாவென்றால் ஒரு விசேஷ வீட்டில் ஓரமாகக் கூட்டிப் போய், "விட்டுத் தள்ளும்மா" என்று ஐந்து நிமிடத்தில் முடிக்கப் பார்க்கிறோம்.

என் விஷயத்தில் அது எப்போது நடந்தது என்று ஒரு தேதியைக் காட்ட முடியாது. அவர் என்றாவது வந்து "தப்புப் பண்ணிட்டேன்" என்று சொல்வார் என்று வெகுகாலம் காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை, இனியும் சொல்லமாட்டார் என்று நினைக்கிறேன். அந்தக் காத்திருப்பை விட்டுவிட்டேன், அவ்வளவுதான். இப்போது போன் வந்தால் வயிற்றைக் கலக்குவதில்லை. மாத்திரை போட்டீர்களா என்று கேட்கிறேன், உண்மையான அக்கறையோடு கேட்கிறேன். குரல் உயர்ந்தால் "அப்புறம் பேசறேன்ப்பா" என்று வைத்துவிடுகிறேன். என் மகளை அவரோடு தனியாக விடுவதில்லை. மன்னித்த பிறகும் இந்த எல்லை வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

அண்ணன் இன்னும் அவரோடு பேசுவதில்லை. அவன் வாங்கிய அடி என்னுடையதைவிட அதிகம். நான் மன்னித்துவிட்டதை அவனுக்கு எதிரான சாட்சியாகச் சிலர் கொண்டுபோய்க் காட்டுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அவனிடம் தூது போகச் சொல்லி என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: முதலில் அப்பாவிடம் போங்கள். "உன் பையன்கிட்ட மன்னிப்புக் கேளு" என்று அவரிடம் ஒருமுறை சொல்லிவிட்டு வாருங்கள். அதன் பிறகு நாம் பேசலாம்.