ஏலம் முடிந்த பிறகும் வீட்டை மீட்கலாமா?

கடன் பாக்கிக்காக வங்கி வீட்டை ஏலம் விட்டாலும், ஏலத்தில் எடுத்தவருக்குத் தரும் விற்பனைச் சான்றிதழ் கையெழுத்தாகும் வரை முழுக் கடனையும் கட்டி வீட்டை மீட்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். ஒரு காலத்தில் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. பழைய தீர்ப்புகளைப் படித்தவர்கள் இன்னும் அதையே சொல்வதில் ஆச்சரியமில்லை.

ஆனால் அடமானச் சொத்தை வங்கி நீதிமன்றம் போகாமலேயே விற்க வழி செய்யும் சர்ஃபேசி சட்டத்தின் 13(8) பிரிவு 2016-இல் திருத்தப்பட்டது. இப்போது கெடு ஏல நாள் இல்லை, ஏல அறிவிப்பு வெளியாகும் நாள். நாளிதழில் பொடி எழுத்தில் சர்வே எண், நான்கு எல்லை, குறைந்தபட்ச விலை என்று ஒரு கட்டம் வருமே, அதுதான். அது வருவதற்கு முன்பே அசல், வட்டி, செலவு எல்லாம் கட்டியாக வேண்டும். அப்புறம் பணத்தோடு போய் நின்றாலும் உரிமையாகக் கேட்க முடியாது. 2023 செப்டம்பரில் செலிர் எதிர் பாஃப்னா மோட்டார்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது.

அறிவிப்பிலேயே சட்டத்துக்குப் புறம்பாக ஏதாவது இருந்தால் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அது வேறு கதை.

சரிபார்க்க வக்கீல் தேவையில்லை. அரசின் இந்தியா கோட் தளத்தில் 2002-ஆம் ஆண்டின் இந்தச் சட்டத்தைத் திறந்து, பிரிவு 13, உட்பிரிவு 8-ஐப் படியுங்கள். பழைய அச்சுப் புத்தகம் வேண்டாம், அதில் பழைய வரிதான் இருக்கும்.