கைலிக் கட்டுக்கு மேலே

கடந்த மாதம் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவில் நடந்த மருத்துவ முகாமில், உயரம் 166 செ.மீ., எடை 62 கிலோ, பி.எம்.ஐ. (உடல் நிறைக் குறியீடு) 22.5, 'இயல்பு' என்று எனக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து வந்த ரத்தப் பரிசோதனை முடிவில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 118, டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு 210; இரண்டுமே இயல்பைவிட அதிகம். இரண்டு தாள்களும் ஒரே உடம்பைப் பற்றித்தான் பேசுகின்றனவா என்ற ஐயம் எழுந்தது.

எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் இந்த பி.எம்.ஐ. கணக்கை 19ஆம் நூற்றாண்டில் தந்த பெல்ஜியக் கணிதவியலாளர் கெட்லே தேடியது மக்கள்தொகையின் சராசரியைத்தான், தனி ஒருவரின் நோயை அல்ல. தசையும் கொழுப்பும் அதற்கு ஒன்றே. கொழுப்பு தோலுக்கு அடியில் இருக்கிறதா, கல்லீரலையும் குடலையும் சுற்றியிருக்கிறதா என்பதை அது அறியாது. நமக்கோ பின்னதில்தான் வினை. 2004இல் லான்செட் மருத்துவ இதழில் புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் தங்கள் படங்களையே அருகருகே வெளியிட்டனர்: இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3, உடல் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2. இந்தியர்களுக்கு மிகை எடைக்கான பி.எம்.ஐ. வரம்பை 25இலிருந்து 23ஆகக் குறைத்தது சரியே என்றாலும், என்னைப் போன்றவர்கள் அதிலும் தப்பிவிடுகிறோம்.

எனவே இடுப்புச் சுற்றளவைப் பார்க்க, வீட்டிலிருந்த தையல் டேப்பை எடுத்து, கைலி கட்டும் இடத்தில், அதாவது தொப்பைக்குக் கீழே அளந்து, 84 செ.மீ. என்று மகிழ்ந்தேன். (34 அங்குலக் கால்சட்டை இன்னமும் பொருந்துகிறது என்ற பெருமையின் ரகசியமும் இதுதான்.) அளக்க வேண்டியது கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்ட பிறகு, வயிற்றை எக்காமல். அங்கே 92. இந்திய ஆண்களுக்கு வரம்பு 90, பெண்களுக்கு 80.

இதைவிட எளிது, இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்ற கணக்கு. உயரத்துக்கு ஒரு நூலை அறுத்து, இரண்டாக மடித்து வயிற்றைச் சுற்றினால் முனைகள் தொட வேண்டும். எனக்கு ஒன்பது செ.மீ. இடைவெளி. இடுப்பையும் பிட்டத்தையும் ஒப்பிடும் விகிதம், மாரடைப்பு அபாயத்தை பி.எம்.ஐ.யைவிட நன்றாகக் காட்டுவதாக 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு கண்டது. ஆனால் முகாமில், சேலைக்கு மேல், அதை யார் சரியாக அளப்பது? உடற்பயிற்சிக் கூடத்து மின்தராசு தரும் கொழுப்புச் சதவீதமோ, குடித்த தண்ணீருக்கு ஏற்ப ஏறி இறங்கும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு 2023இல் புதுச்சேரியில் பெரியவர்களில் 26.3 சதவீதத்தினருக்கு நீரிழிவு என்று சொன்னது. இப்படிப்பட்ட ஊரில் முகாம் நடத்துவோர், எடை இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு டேப்பையும், சீட்டில் இடுப்பளவுக்கு ஒரு கட்டத்தையும் சேர்க்கலாமே.